10 அணியா, 14 அணியா? உலகக் கோப்பைக்கு எந்த அட்டவணை நியாயம்

என் அக்காவைக் கட்டிக்கொடுத்திருப்பது பாறசாலையில். களியக்காவிளையில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து சைக்கிள் மிதித்தே போய்விடலாம். நடுவில் மாநில எல்லை வருகிறது, அவ்வளவுதான். உலகக் கோப்பை நடக்கும் நாட்களில் இரண்டு குடும்பமும் அத்தான் வீட்டுத் தொலைக்காட்சி முன்னால்தான் உட்காரும். வீரர்களைப் பற்றி அத்தானோடு எனக்குப் பேதமே கிடையாது. 2007 டி20 இறுதியில் மிஸ்பா தூக்கிய பந்தை ஸ்ரீசாந்த் பிடித்தபோது இருவரும் ஒன்றாகத்தான் முற்றத்துக்கு ஓடினோம். எங்களுக்குள் தீராத வழக்கு ஒன்றே ஒன்று: 50 ஓவர் உலகக் கோப்பையை எத்தனை அணிகளோடு, எந்த அட்டவணையில் நடத்துவது?

2019-லும் 2023-லும் 10 அணிகள் ஆடின. ஒவ்வோர் அணியும் மற்ற ஒன்பது அணிகளோடும் மோதியது. முதல் நான்கு இடங்களில் வந்தவர்கள் அரையிறுதிக்குப் போனார்கள். 45 லீக் ஆட்டங்கள், மொத்தம் 48. அத்தானுக்கு இதுதான் உலகக் கோப்பை. தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே, நமீபியா ஆகிய நாடுகளில் நடக்கவிருக்கும் 2027 உலகக் கோப்பையோ 14 அணிகளுக்குத் திரும்புகிறது. ஏழு ஏழாக இரண்டு பிரிவு, பிரிவுக்கு மூன்று அணிகள் சூப்பர் சிக்ஸ் என்னும் ஆறு அணி இரண்டாம் சுற்றுக்கு, பிறகு அரையிறுதி; மொத்தம் 54 ஆட்டங்கள். 2003-இல் இருந்த வடிவம் இது. நான் இதன் பக்கம்.

முதலில் அத்தானின் கட்சி. அதை அவர் சொல்லும் வலுவோடே எழுதுகிறேன், ஏனென்றால் அதில் உண்மை நிறைய இருக்கிறது.

முழுச் சுற்று முறையில் யாரும் யாருக்கும் ஒளிந்துகொள்ள முடியாது. எளிதான பிரிவு, கடினமான பிரிவு என்ற பேச்சே எழாது. இடறி விழுந்தவனுக்கு எழுந்து நிற்க நேரமும் கிடைக்கும். இதற்கு அவர் முதலில் எடுப்பது 1992. எனக்கும் அந்த மார்ச் மாதம் நன்றாக நினைவிருக்கிறது. ரப்பர் மரங்கள் இலையுதிர்த்துப் புதுத் தளிர் விட்டிருந்தன. பால்வெட்டு இல்லாததால் அப்பா வீட்டில் இருந்தார். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்த பகல் ஆட்டங்கள் நமக்கு விடியும் முன்பே தொடங்கிவிடும். அப்பா வானொலியை வைக்க, நான் பாயிலேயே படுத்துக்கொண்டு கேட்பேன். முதல் ஐந்து ஆட்டங்களில் பாகிஸ்தான் வென்றது ஒன்றே ஒன்று. சிட்னியில் நம்மிடமும் தோற்றது. அந்த ஐந்து ஆட்டங்களுக்குப் பிறகு தோற்கவே இல்லை. மார்ச் 25 அன்று மெல்போர்னில் இம்ரான் கானின் கையில் கோப்பை இருந்தது.

2023-இல் ஆஸ்திரேலியாவும் அப்படித்தான். முதல் ஆட்டத்தில் சேப்பாக்கத்தில் நம்மிடம் தோல்வி, இரண்டாவதில் லக்னோவில் தென்னாப்பிரிக்காவிடம் தோல்வி. ஒரு மாதம் கழித்து மும்பையில் ஆப்கானிஸ்தானுக்கு எதிராக 91 ரன்னுக்கு 7 விக்கெட். அங்கிருந்து மேக்ஸ்வெல் காலை இழுத்துக்கொண்டே 201 அடித்தார். நவம்பர் 19 அன்று அகமதாபாத்தில் என்ன நடந்தது என்பதை நான் எழுதப்போவதில்லை. ஒன்பது லீக் ஆட்டங்களையும் வென்ற நம் அணி, கடைசி ஒரு நாளில் ஆஸ்திரேலியாவிடம் கோப்பையை இழந்தது. அத்தான் அன்றிரவு சாப்பிடவில்லை. ஆனாலும் மறுநாள் காலையில் அவர் சொன்னது இதுதான்: "யார் நல்ல அணி என்று அந்த ஒன்பது ஆட்டமும் சொல்லிவிட்டது."

அவருடைய வாதத்தில் என்னை உண்மையிலேயே அசைத்தது 2025 மகளிர் உலகக் கோப்பை. எட்டு அணிகள், முழுச் சுற்று. இந்தியப் பெண்கள் விசாகப்பட்டினத்தில் தென்னாப்பிரிக்காவிடமும் ஆஸ்திரேலியாவிடமும் தோற்றார்கள். இந்தூரில் இங்கிலாந்திடம் 4 ரன்களில் தோற்றார்கள். தொடர்ந்து மூன்று தோல்வி. அக்கா மகள் அன்று அழுதுகொண்டே எழுந்து போனாள். நான்கு அணிப் பிரிவாக இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் நியூசிலாந்தை வென்று நான்காம் இடத்தில் ஒட்டிக்கொண்டார்கள். அரையிறுதியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 339 என்ற இலக்கை, ஜெமிமா ரோட்ரிக்ஸ் ஆட்டமிழக்காமல் எடுத்த 127 ரன்களோடு துரத்திப் பிடித்தார்கள். நவம்பர் 2 அன்று நவி மும்பையில் ஷஃபாலி வர்மா 87, தீப்தி சர்மா ஐந்து விக்கெட், கோப்பை நம்முடையது. முழுச் சுற்று இல்லாவிட்டால் அந்த இரவு நமக்கு வந்திருக்காது. இதை நான் மறுக்க மாட்டேன்.

மறுப்பது வேறு ஒன்றை. முழுச் சுற்றில் அதிர்ஷ்டத்துக்கு இடமே இல்லை என்று அத்தான் சொல்வதை. அதே 1992-இல் அடிலெய்டில் இங்கிலாந்து பாகிஸ்தானை 74 ரன்களுக்குச் சுருட்டியது. மழை வந்தது, ஆளுக்கு ஒரு புள்ளி. லீக் முடிவில் பாகிஸ்தானுக்கு 9, ஆஸ்திரேலியாவுக்கு 8. மழை கொடுத்த அந்த ஒரு புள்ளிதான் அரையிறுதிக்கான கதவைத் திறந்தது. 2019-இல் நியூசிலாந்தும் பாகிஸ்தானும் 11 புள்ளிகளில் சமமாக நின்றன. இரண்டும் நேருக்கு நேர் மோதியபோது வென்றது பாகிஸ்தான். இருந்தும் நிகர ரன்விகிதத்தில், அதாவது ஓவருக்கு அடித்த ரன்னுக்கும் கொடுத்த ரன்னுக்கும் உள்ள வித்தியாசத்தில், நியூசிலாந்து மேலே போனது. மேற்கிந்தியத் தீவுகளிடம் 105 ரன்களுக்குச் சுருண்ட ஒரு நாளின் கணக்கை பாகிஸ்தானால் கடைசி வரை தீர்க்க முடியவில்லை. புள்ளி சமமானால் நேருக்கு நேர் வென்றவனைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தெருவில் ஆடும் பிள்ளைகளுக்குக்கூடப் புரியும் நியாயம் இது.

இனி என் கட்சி.

1979-இல் இலங்கைக்கு டெஸ்ட் தகுதி கிடையாது. அந்த உலகக் கோப்பையில் மான்செஸ்டரில் இந்தியாவை 47 ரன்களில் தோற்கடித்தது. 1981-இல் டெஸ்ட் தகுதி, 1996-இல் உலகக் கோப்பை. ஜிம்பாப்வே 1983-இல் வந்த முதல் ஆட்டத்திலேயே ஆஸ்திரேலியாவை வென்றது. வங்கதேசம் 1999-இல் நார்த்தாம்ப்டனில் பாகிஸ்தானை வென்றது. அடுத்த ஆண்டே டெஸ்ட் நாடானது. இவர்கள் எல்லோரும் உலகக் கோப்பை என்னும் மேடையில் ஏறி ஆடித்தான் வளர்ந்தார்கள். வளர்ந்த பிறகு வா என்று சொல்லியிருந்தால் எங்கே போய் வளர்ந்திருப்பார்கள்?

அயர்லாந்துக்கு அதைத்தான் செய்தார்கள், எனக்கு ஆறாத கோபம் அது. 2007-இல் ஜமைக்காவில் பாகிஸ்தானை வெளியேற்றிய அணி. 2011-இல் பெங்களூரில் இங்கிலாந்தின் 327 ரன்களைத் துரத்தியபோது கெவின் ஓ'பிரையன் 50 பந்துகளில் சதம் அடித்தார். 2015-இல் மேற்கிந்தியத் தீவுகள் உட்பட மூன்று அணிகளை வென்றும், நிகர ரன்விகிதத்தில் காலிறுதியைத் தவறவிட்டது. 2017-இல் டெஸ்ட் தகுதியையும் கொடுத்தார்கள். ஆனால் அடுத்து வந்த உலகக் கோப்பையை 10 அணிகளாகச் சுருக்கியிருந்தார்கள். 2019-லும் அயர்லாந்து இல்லை, 2023-லும் இல்லை. சொத்தில் பங்கு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் வராதே என்பது போல.

ஆப்கானிஸ்தானுக்கு நேரம் வாய்த்தது. 2015-இல் 14 இடங்கள் இருந்தபோது முதன்முதலாக உள்ளே வந்தது. டனிடினில் ஸ்காட்லாந்தை ஒரு விக்கெட்டில் வென்றது மட்டுமே அப்போது மிச்சம். எட்டு ஆண்டு கழித்து டெல்லியில் இங்கிலாந்தையும், சேப்பாக்கத்தில் பாகிஸ்தானையும், புனேயில் இலங்கையையும் அதே அணி வீழ்த்தியது. 20 அணிகள் ஆடிய 2024 டி20 உலகக் கோப்பையில் அரையிறுதி வரை போனது.

"சிறிய அணி வந்தால் ஆட்டம் ஒருதலையாகிவிடும்" என்பது அத்தானின் பழைய பல்லவி. ஒருதலை ஆட்டத்துக்குச் சிறிய அணிதான் வேண்டுமா? 2018 நவம்பர் 1 அன்று திருவனந்தபுரம் கிரீன்ஃபீல்டு மைதானத்தில் அவரும் நானும் சேர்ந்து பார்த்த ஆட்டத்தில் மேற்கிந்தியத் தீவுகள் 104 ரன்களுக்கு ஆட்டமிழந்தது. இரண்டு முறை உலகக் கோப்பையை வென்ற நாடு. பிறகு 2023 உலகக் கோப்பைக்குத் தகுதிபெறவே முடியாமல் ஹராரேயில் ஸ்காட்லாந்திடம் தோற்றது. பெயர் ஒன்றும் ஆடிக் கொடுக்காது.

அதே மைதானத்துக்கு 2023 அக்டோபர் 3 அன்று அக்கா மகளையும் கூட்டிக்கொண்டு போனோம். உலகக் கோப்பைக்கு முந்தைய பயிற்சி ஆட்டம், இந்தியாவும் நெதர்லாந்தும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு சேப்பாக்கம் ஓர் இரவு ரயில் தூரம். காரியவட்டத்தில் இருக்கும் இந்த கிரீன்ஃபீல்டுதான் கைக்கெட்டிய மைதானம். அந்த வாரம் முழுக்க மழை. ஒரு பந்துகூட வீசவில்லை. நனைந்துகொண்டே திரும்பியபோது, நெதர்லாந்துதானே, பார்க்காவிட்டால் என்ன என்று பஸ்ஸில் யாரோ சொன்னார்கள். இரண்டு வாரம் கழித்து, அக்டோபர் 17 அன்று, தர்மசாலாவில் நெதர்லாந்து தென்னாப்பிரிக்காவை 38 ரன்களில் வென்றது. பஸ்ஸில் கேட்ட அந்தப் பேச்சைத்தான் நான் உடனே நினைத்தேன்.

வேறு இரண்டு வடிவங்களும் உண்டு; அவற்றில் அதிக நேரம் செலவிட வேண்டாம். இரண்டு பிரிவு, எட்டு அணிக் காலிறுதி என்ற 2011, 2015 முறையில் ஒரு மாதம் ஆடியும் பெரிய அணிகள் பெரும்பாலும் எதையும் இழப்பதில்லை. உண்மையான போட்டி காலிறுதியில்தான் தொடங்கும். 2007 நேர்மாறு: நான்கு நான்காக நான்கு பிரிவு, பிறகு சூப்பர் எயிட். மார்ச் 17 அன்று இந்தியா வங்கதேசத்திடமும் பாகிஸ்தான் அயர்லாந்திடமும் தோற்றன. பெர்முடாவுக்கு எதிராக இந்தியா 413 அடித்தும் பயனில்லை. இலங்கையிடமும் தோற்றதும் பெட்டியைக் கட்ட வேண்டியதாயிற்று. ஒரு தவறுக்கு அவ்வளவு தண்டனை அதிகம் என்பதில் அத்தானோடு நானும் உடன்படுகிறேன். ஏழு அணிப் பிரிவில் எப்படியும் ஆறு ஆட்டம் உறுதி. 2003-இல் செஞ்சூரியனில் ஆஸ்திரேலியாவிடம் 125 ரன்களுக்குச் சுருண்ட கங்குலியின் அணி, அடுத்து எட்டு ஆட்டங்களை வரிசையாக வென்று இறுதிக்குப் போனது. எழுந்து நிற்க அந்த அட்டவணையிலும் இடம் இருந்தது.

14 அணிகளும் இருக்கட்டும், முழுச் சுற்றாகவே வைக்கலாமே என்றால் 91 லீக் ஆட்டம் வரும். அது நடக்காது. ஆகவே பிரிவுகளும் சூப்பர் சிக்ஸும்தான் வழி. சூப்பர் சிக்ஸின் நோய் எனக்குத் தெரியும்: முன்சுற்றிலிருந்து புள்ளிகளைத் தூக்கிக்கொண்டு வருவது. 1999-இல் தன் பிரிவிலிருந்து மேலே வந்த தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே இரண்டிடமும் தோற்றிருந்ததால் இந்தியா பூஜ்யத்தோடு நுழைந்தது. ஜிம்பாப்வே 4 புள்ளிகளோடு நுழைந்தது. சூப்பர் சிக்ஸில் ஒரு வெற்றியும் இல்லாமலே அரையிறுதிக்கு மயிரிழை தூரத்தில் நின்றது. இதையாவது ஏற்கலாம், களத்தில் ஆடிச் சம்பாதித்த புள்ளிகள் அவை.

ஏற்க முடியாதது 2003. இங்கிலாந்து ஹராரேக்குப் போக மறுத்தது, நியூசிலாந்து நைரோபிக்குப் போக மறுத்தது. ஆடாத ஆட்டங்களின் புள்ளிகள் ஜிம்பாப்வேக்கும் கென்யாவுக்கும் போயின. இரண்டும் சூப்பர் சிக்ஸுக்கு வந்தன, கென்யா அரையிறுதிக்கே வந்தது. அத்தான் கையில் கிடைத்த பெரிய ஆயுதம் இது. கென்யா இலங்கையை நைரோபியில் ஆடியே வென்றது, ஜிம்பாப்வேயையும் வென்றது என்று நான் சொல்வேன். ஆனாலும் நியூசிலாந்துப் புள்ளி உறுத்துகிறது. 2027-க்கு நான் கேட்பது ஒரு விதியைத்தான்: ஆடாத ஆட்டத்தின் புள்ளி முதல் சுற்றோடு நிற்கட்டும், சூப்பர் சிக்ஸுக்கு வர வேண்டாம். கென்யா பிறகு சரிந்தது உண்மைதான். 2014-இல் ஒருநாள் தகுதியையே இழந்தது. ஆனால் 2003-க்குப் பிறகு அவர்களோடு அடிக்கடி ஆட எந்தப் பெரிய நாடு முன்வந்தது?

கடந்த ஞாயிற்றுக்கிழமையும் இதே பேச்சுதான். 2027-ஐ நடத்தும் மூன்று நாடுகளில் தென்னாப்பிரிக்காவுக்கும் ஜிம்பாப்வேக்கும் நேரடி இடம் உண்டு. நமீபியாவுக்கு இல்லை, அது தகுதிச் சுற்று ஆடித்தான் வர வேண்டும். சிறிய அணிகளுக்காக வாதாடும் நான் இதை எதிர்ப்பேன் என்று அத்தான் நினைத்திருந்தார். நான் எதிர்க்கவில்லை. ஆடி வரட்டும். 14 இடம் இருக்கும்போது ஆடி வருவதற்கு வழி இருக்கிறது. எனக்கு அது போதும். அத்தான் பதில் சொல்லாமல் பழம்பொரித் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.