உருளைக்கிழங்கா மால்ட்டா: வீட்டுல காளான் கல்ச்சர் போட எது தோது?

சிப்பிக் காளான், பால் காளான் வளர்க்கறவங்க ஒரு கட்டத்துல ஸ்பானை (காளான் விதையை) காசு குடுத்து வாங்கிட்டே இருக்கணுமா, நாமளே கல்ச்சர் (பிளேட்டுல வளர்த்து வச்சுக்கற காளான் பூஞ்சை) வச்சுக்கலாமேன்னு இறங்குவாங்க, அப்ப முதல்ல வர்ற குழப்பம் அது வளர்ற மீடியம் (சத்து ஜெல்லி) பிடிஏவா எம்இஏவான்றதுதான், அதாவது கிழங்குச் சாறா மால்ட் எக்ஸ்ட்ராக்ட்டா (முளைகட்டின பார்லிச் சாறு).

கிழங்குக்கு லேப்ல போடற கணக்கேதான்: 1 லிட்டருக்கு 200 கிராம் உருளைக்கிழங்கு, 20 கிராம் டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் சர்க்கரை), 15-லேருந்து 20 கிராம் அகர் (மீடியத்தை ஜெல்லியா உறைய வைக்கற கடல்பாசிப் பொருள்). டெக்ஸ்ட்ரோஸ் இல்லன்னா சீனி போட்டாலும் சிப்பி வளரும், அதுக்கெல்லாம் கவலைப்படாதீங்க. தோல் சீவி துண்டு போட்டு அரை மணி நேரம் வேகவச்சு துணியில வடிகட்டி, குறைஞ்ச தண்ணிய ஊத்தி 1 லிட்டர் ஆக்கிக்கணும். கிழங்க மசிக்கவும் கூடாது துணிய பிழியவும் கூடாது, மாவு இறங்கிட்டா மீடியம் கலங்கிடும், அப்புறம் பிளேட்டுல பாக்டீரியா படர்ந்தாலும் சட்டுனு கண்ணுல படாது.

மால்ட்ல இந்த வேலையே இல்ல. 20 கிராம் மால்ட், 20 கிராம் அகர், சுடுதண்ணில கரைச்சா முடிஞ்சுது, பிளேட்டும் தெளிவா தேன் கலர்ல இருக்கும். ஆனா பொடி ஆன்லைன்லதான் தேடணும், ஈரம் பட்டா கல்லாயிடும், குக்கர்ல ரொம்ப நேரம் விட்டா கருத்துப் போகும். கடையில விக்கற மால்ட் பானப் பொடி இதுக்கு ஆகாது, அதுல பால் பவுடர் எல்லாம் கலந்திருக்கு.

அகருக்கு கடையில கிடைக்கற சைனா கிராஸே போதும், ஜெலட்டின் மட்டும் வேணாம். நம்ம ஊர் வெயிலுக்கு அது உருகிடும், பூஞ்சையே அதைக் கரைச்சும் விட்டுடும். 1881 வாக்குல பாக்டீரியா ஆராய்ச்சி பண்ண ராபர்ட் கோக்கோட லேப்லயும் இதே ஜெலட்டின் தலைவலிதான், ஜாம் ஜெல்லிக்குப் போடற அகரை போட்டுப் பாக்கச் சொன்னது அங்க வேலை பார்த்த வால்தர் ஹெஸ்ஸேவோட மனைவி ஃபேனி, அதனால கிச்சன் சாமான்னு அகரை இளக்காரமா பாக்காதீங்க. பாக்டீரியாவ அடக்க மீடியத்துல எலுமிச்சை சாறு விடறவங்க குக்கர்ல வைக்கறதுக்கு முன்னாடி விடாதீங்க, புளிப்போட சேர்ந்து வெந்தா அகர் கெட்டியாகாது.

குக்கர் வேலை ரெண்டுக்கும் ஒண்ணுதான். பாட்டில்ல பாதி மட்டும் ஊத்தி, 15 பிஎஸ்ஐ அழுத்தத்துல 20 நிமிஷம், உள்ள சூடு 121 டிகிரி வரணும், விசில் எண்ணிட்டு இறக்கற சோத்துக் கணக்கு இங்க செல்லாது. அழுத்தம் தானா இறங்கட்டும், அவசரப்பட்டு வெயிட்ட தூக்கினா மீடியம் பொங்கி மூடிய நனைச்சிடும்.

என்னைக் கேட்டா புதுசா ஆரம்பிக்கறவங்க கிழங்கே போடுங்க, கெட்டாலும் நஷ்டம் ரெண்டு கிழங்கு தான். காளான் சதையிலிருந்து டிஷ்யூ (சின்னத் துணுக்கு) எடுத்து புது கல்ச்சர் தொடங்கறப்ப மட்டும் மால்ட், ஏன்னா அப்பதான் கலப்படம் அதிகம் வரும், தெளிவான பிளேட்ல சீக்கிரம் பிடிச்சிடலாம். எதுல போட்டாலும் பச்சையா ஒரு புள்ளி தெரிஞ்சா மூடியத் திறந்து பாக்கற ஆசையே வேணாம், அப்படியே குக்கர்ல வச்சு வேகவச்சு அப்புறம் கொட்டுங்க.