ஆறாத கருவிழிப் புண்: சீரம் சொட்டா, செனெஜெர்மினா?

தொற்று அடங்கியும் கருவிழிப் புண் மூடாதபோது இந்த இரண்டு புரதச் சொட்டுகளும் பேச்சில் அடிபடும். (தொற்று இருக்கும்போது இவற்றை மட்டும் நம்பக் கூடாது, இரண்டுமே கிருமியைக் கொல்லாது.)

சீரம் சொட்டு நோயாளியின் சொந்த ரத்தத்திலிருந்தே தயாராகிறது. ரத்தம் உறைந்ததும் சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றி, தெளிந்த சீரத்தைப் பிரித்து, பெரும்பாலும் 20 சதவீதமாக நீர்க்க வைப்பார்கள். இயற்கைக் கண்ணீரில் உள்ள வளர்ச்சிக் காரணிகள் (செல்களை வளரத் தூண்டும் புரதங்கள்), ஃபைப்ரோனெக்டின் என்ற ஒட்டுப் புரதம், வைட்டமின் ஏ இதிலும் உண்டு. கெடாமல் காக்கும் ரசாயனம் சேர்ப்பதில்லை. புண்ணுக்கு அது நல்லது, ஆனால் புட்டியில் கிருமி சேர்வதும் எளிது. அதனால் ஃப்ரீசரில் வைத்து, திறந்ததைச் சீக்கிரம் தீர்த்துவிட வேண்டும்.

செனெஜெர்மின் வேறு ரகம். விஞ்ஞானி ரீட்டா லெவி-மொண்டால்சினிக்கு 1986இல் நோபல் பெற்றுத் தந்த நரம்பு வளர்ச்சிக் காரணியை பாக்டீரியாவைக் கொண்டு தயாரிக்கிறார்கள். இரண்டு மணிக்கொரு சொட்டு, நாளுக்கு 6 முறை, 8 வாரம். அமெரிக்காவில் 2018இல் கிடைத்த அனுமதி, கருவிழி நரம்பு பழுதாகி வரும் பாதிப்புக்குத்தான். கண்வலி வரலாம். விலையோ மலைக்க வைக்கும்.

ஹெர்பிஸ் வைரஸாலோ சர்க்கரை நோயாலோ கருவிழி உணர்விழந்திருந்தால் செனெஜெர்மினே மூல காரணத்தைத் தொடும். மற்ற ஆறாப் புண்களுக்கு என் ஓட்டு சீரத்துக்கு.