கிளவுட்ஸ்டாக்கில் ஹோஸ்ட் சேர்ப்பது: விஎம்வேர், ஜென்சர்வர், கேவிஎம்

அப்பாச்சி கிளவுட்ஸ்டாக், சொந்தமாகக் கிளவுட் நடத்த உதவும் திறந்தமூல மென்பொருள். அதில் ஹோஸ்டை, அதாவது விஎம்கள் (மெய்நிகர் கணினிகள்) ஓடும் கணினியைச் சேர்க்கும் திரையைப் பார்த்தால், எந்த ஹைப்பர்வைசருக்கும் (விஎம்களை ஓட்டும் மென்பொருள்) வேலை ஒன்றுபோலத்தான் தெரியும். ஐபி, பயனர்பெயர், கடவுச்சொல், அவ்வளவுதான். ஆனால் பொத்தானை அழுத்தியபின் நடப்பது மூன்றுக்கும் மூன்று விதம்.

விஎம்வேரில் நோகாமல் முடிந்துவிடும். கிளஸ்டரை (ஹோஸ்ட்களின் தொகுப்பு) விஎம்வேரின் மேலாண்மை மென்பொருளான விசென்டரிலேயே கட்டிவைத்து, அதன் டேட்டாசென்டரை ஸோனோடு (கிளஸ்டர்களை உள்ளடக்கிய கிளவுட்ஸ்டாக்கின் பெரிய பிரிவு) இணைத்து, கிளஸ்டரை மொத்தமாகச் சேர்த்தால் உள்ளேயிருக்கும் ஈஎஸ்எக்ஸ்ஐ (விஎம்வேரின் ஹைப்பர்வைசர்) ஹோஸ்ட்கள் எல்லாம் கூடவே வந்துவிடும். அதன்பிறகு எந்த வேலைக்கும் கிளவுட்ஸ்டாக் விசென்டர் வழியாகத்தான் போகும். விசென்டர் படுத்துவிட்டால் ஓடுகிற விஎம்கள் ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் புதிதாக ஒன்றைக் கிளப்ப முடியாது. செலவும் இருக்கிறது: 2023 நவம்பரில் விஎம்வேரை வாங்கிய பிராட்காம், அடுத்த மாதமே நிரந்தர லைசென்ஸ் விற்பனையை நிறுத்திச் சந்தாவுக்கு மாறியது.

ஜென்சர்வரிலும் அதன் திறந்தமூலக் கிளையான எக்ஸ்சிபி-என்ஜியிலும் ஏஜென்ட் (ஹோஸ்டில் ஓடும் கிளவுட்ஸ்டாக்கின் துணை நிரல்) நிறுவ வேண்டாம். கிளவுட்ஸ்டாக்கின் மேலாண்மை சர்வர் தனக்கு வேண்டிய ஸ்கிரிப்ட்களைத் தானே ஹோஸ்டில் போட்டுவிட்டு, எக்ஸ்ஏபிஐ (ஜென்சர்வரின் மேலாண்மை இடைமுகம்) வழியாகப் பேசும். இரண்டாவது ஹோஸ்டை முதலில் கையால் பூலில் (ஜென்சர்வரின் ஹோஸ்ட் குழு) சேர்த்துவிட்டுத்தான் கிளவுட்ஸ்டாக்கில் சேர்க்க வேண்டும். பழக்கம் உள்ளவர்களுக்கு இது நல்ல வழி.

லினக்ஸின் ஹைப்பர்வைசரான கேவிஎம்மில் கைவேலை அதிகம். விஎம்களை நெட்வொர்க்கோடு இணைக்கும் பிரிட்ஜ் போட வேண்டும், விஎம்களை நிர்வகிக்கும் லிப்வெர்ட்டைச் சரிசெய்ய வேண்டும், கிளவுட்ஸ்டாக் ஏஜென்ட்டை நிறுவ வேண்டும். மேலாண்மை சர்வர் எஸ்எஸ்ஹெச் வழியாக வந்து ஏஜென்ட்டை அமைக்கும். பிறகு ஏஜென்ட்தான் 8250 போர்ட்டில் சர்வரைத் தேடிப் போகும். முன்பெல்லாம் லைவ் மைக்ரேஷனுக்காக (ஓடும் விஎம்மை நிறுத்தாமல் வேறு ஹோஸ்டுக்கு நகர்த்துவது) லிப்வெர்ட்டின் 16509 போர்ட்டைக் கடவுச்சொல்கூட இல்லாமல் திறந்துவைப்போம். 4.11 பதிப்பிலிருந்து கிளவுட்ஸ்டாக்கே ஹோஸ்டுக்குச் சான்றிதழ் கொடுத்து 16514-இல் டிஎல்எஸ் (மறைகுறியாக்கப்பட்ட இணைப்பு) வைத்துவிடுகிறது. எனக்குப் பெரிய நிம்மதி அது.

எங்கள் சோதனைக்கூடத்தில் ஒரே மாதிரியான இரண்டு சிறு கணினிகளைக் கேவிஎம் ஹோஸ்டாகச் சேர்த்தோம். இரண்டும் பச்சை காட்டின. ஆனால் விஎம்மை ஒன்றிலிருந்து மற்றதற்கு நகர்த்த முயன்றபோதெல்லாம் மறுப்பு. நெட்வொர்க்கைச் சந்தேகித்து அரை நாள் போனது. கடைசியில் ஏஜென்ட் லாகில் இருந்தது: அதே ஹோஸ்டுக்கே நகர்த்தப் பார்க்கிறாய் என்று லிப்வெர்ட் சொல்லியிருந்தது. இரண்டு மதர்போர்டிலும் ஒரே யுயுஐடி (ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனியாக இருக்க வேண்டிய அடையாள எண்)! லிப்வெர்ட் கட்டமைப்புக் கோப்பில் ஹோஸ்ட் யுயுஐடி வரியில் புதிய எண்ணைக் கொடுத்து, லிப்வெர்ட்டை மறுபடி தொடங்கினோம். நகர்ந்தது.

என் ஓட்டு கேவிஎம்முக்கு. இங்கே பழுது எங்கே இருந்தாலும் என் கைக்கு எட்டும் லாகில் கிடைக்கிறது. லினக்ஸ் தெரிந்த ஆள் ஒருவர்கூட இல்லாத இடத்தில் மட்டும் இதைச் சொல்ல மாட்டேன்.

ஏற்கெனவே விசென்டர் ஓடுகிறதென்றால் பிடுங்கி எறிய வேண்டியதில்லை. ஒரு கிளஸ்டருக்குள் ஒரே ஹைப்பர்வைசர்தான், ஆனால் ஒரே ஸோனில் இரண்டு வகைக் கிளஸ்டர்களும் இருக்கலாம். புதிய ஹோஸ்ட்களைக் கேவிஎம் கிளஸ்டரில் போடுங்கள். 4.19 முதல் விஎம்வேர் விஎம்களைக் கேவிஎம்முக்கு மாற்றும் வசதியும் உள்ளது. அதற்கு வெர்ட்-வி2வி கருவி கேவிஎம் ஹோஸ்டில் இருக்க வேண்டும். விஎம்மை அணைத்துவிட்டு மாற்றுங்கள்.