இமைக் கட்டிக்குக் கத்தி வைக்காத வைத்தியங்கள்: எது தேறும்?

என் மேல் இமையில் பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி அடிக்கடி வரும். வலிக்காது, ஆனால் லேசில் போகாது. சலேசியான் என்பார்கள். இமைக்குள் எண்ணெய் சுரக்கும் மைபோமியன் சுரப்பி அடைத்துக்கொண்டு, எண்ணெய் உள்ளேயே கெட்டியாகி, சுற்றியுள்ள சதை வீங்கிவிடுகிறது. இமை முடியின் வேரில் பாக்டீரியா புகுந்து, சிவந்து வலிக்கும் கண்கட்டி வேறு ரகம். இரண்டுக்குமே முதல் வைத்தியம் சூடான ஒத்தடம்தான்.

வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். செலவில்லை, சரி. ஆனால் அது இரண்டு மூன்று நிமிடத்தில் ஆறிவிடுகிறது. எண்ணெய் இளக வேண்டுமென்றால் இமை சுமார் 40 டிகிரி செல்சியஸ் சூட்டில் 10 நிமிடமாவது இருக்க வேண்டும். துணியை நனைத்துக்கொண்டே இருக்கும் பொறுமை எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. மைக்ரோவேவில் சூடாக்கும், உள்ளே சின்னச் சின்ன மணிகள் அடைத்த ஐ மாஸ்க் வாங்கிய பிறகுதான் ஒத்தடம் ஒழுங்காக நடக்கிறது. ஒரே சீராகச் சூட்டைப் பிடித்து வைக்கிறது, படுத்தபடி கண்ணை மூடிக்கொண்டால் போதும். முதலில் மணிக்கட்டின் உட்புறம் வைத்துப் பார்த்துவிடுங்கள். இமைத் தோல் மிக மெல்லியது, வெந்துவிடும். ஜெல் மாஸ்க்கும் வைத்திருக்கிறேன். சீக்கிரம் ஆறுகிறது, அதனால் இப்போது எடுப்பதில்லை.

ஒத்தடம் முடிந்த கையோடு, மேல் இமையென்றால் மேலிருந்து கீழாக, கீழ் இமையென்றால் கீழிருந்து மேலாக, முடி வரிசையை நோக்கி விரலால் மெதுவாக நீவ வேண்டும். இதை விட்டால் ஒத்தடத்தின் பாதிப் பலன் போச்சு. கட்டியைப் பிதுக்கவே கூடாது.

இமை துடைக்கும் வைப்ஸ் இருக்கிற கட்டியைக் கரைக்காது. இமை ஓரம் செதில் செதிலாக இருப்பவர்களுக்கு அடுத்த கட்டி வராமல் தடுக்க உதவும், அவ்வளவுதான். ஆன்டிபயாட்டிக் ஆயின்ட்மென்ட்டுக்கு நான் மதிப்பெண் தரமாட்டேன். சலேசியான் கிருமித் தொற்றே இல்லை, மருந்து எதைக் கொல்லும்?

வாரக்கணக்கில் ஒத்தடம் கொடுத்தும் அசையாத கட்டிக்கு ட்ரையாம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி உண்டு. 2007-ல் வெளிவந்த ஓர் ஒப்பீட்டு ஆய்வில் ஒத்தடத்தால் 46 சதவீதம் பேருக்கும், ஊசியால் 84 சதவீதம் பேருக்கும், கீறி எடுத்ததில் 87 சதவீதம் பேருக்கும் கட்டி போயிருந்தது. கத்திக்கு நிகராகவே நிற்கிறது ஊசி. ஆனால் ஊசி போட்ட இடத்தில் தோல் வெளுத்துப்போகலாம். மாநிறத்திலும் கறுப்பிலும் அது பளிச்சென்று தெரியும். என் நிறத்துக்கு அது பெரிய விஷயம் என்பதால் நான் இன்னும் ஒத்தடத்தோடு நிற்கிறேன். இமையைச் சுற்றித் தீவிர ஒளியை விட்டு விட்டுப் பாய்ச்சும் ஐபிஎல் (Intense Pulsed Light) சிகிச்சையிலும் தோலைப் பற்றிய கவலைதான். கறுத்த தோல் ஒளியை அதிகம் உறிஞ்சுவதால் சுடும் ஆபத்து கூடுதல்.

வயதானவர்களுக்கு ஒரே இடத்தில் கட்டி திரும்பத் திரும்ப வந்தாலோ, அங்கே இமை முடி உதிர்ந்தாலோ, மாஸ்க்கை ஓரமாக வைத்துவிட்டுக் கண் மருத்துவரிடம் போங்கள். அரிதாக அது புற்றுநோயாக இருக்கும், சதையை எடுத்துப் பரிசோதித்தால்தான் தெரியும். கண் முழுக்க வீங்கி, காய்ச்சலோடு பார்வையும் மங்கினால் அன்றைக்கே போக வேண்டும்.