13 வருட டெஸ்க்டாப்: சில்லுகள் பிழைத்தன, சில்லறைச் சாமான்கள் செத்தன

எங்கள் டைப்பிங் சென்டரில் ஓடிக்கொண்டிருக்கும் டெஸ்க்டாப்பை 2012இல் வாங்கினேன். மின்வெட்டு உச்சத்தில் இருந்த வருடம். கரண்ட் இருக்கும் நேரம் பார்த்து டைப் அடித்து, போனதும் வாசல் திண்ணையில் உட்கார்ந்து கஸ்டமரோடு கதை பேசிய காலம். ஐ3-2100 பிராசஸர், எச்61 மதர்போர்டு, 2 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டுடிஸ்க், விண்டோஸ் 7. கல்யாணப் பத்திரிகை, வாடகை ஒப்பந்தம், பள்ளிக்கூடக் கேள்வித்தாள், இதுதான் அதற்கு வேலை.

இந்த 13 வருடத்தில் மூன்று தடவை, மூன்று வெவ்வேறு ஆட்கள், "போர்டு போயிருச்சுண்ணே, புதுசா ஒண்ணு வாங்கிருங்க" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார்கள். போர்டு இன்னும் அதேதான். பிராசஸரும் அதேதான். செத்ததெல்லாம் சுற்றியிருந்த சில்லறைச் சாமான்கள்.

முதலில் கடிகாரம். 2017இல் அது பின்தங்க ஆரம்பித்தது. காலையில் ஆன் செய்தால் பத்து நிமிடம் பின்னால் நிற்கும், சில வாரத்தில் அது ஒரு மணி நேரமானது. தினமும் கையால் சரிசெய்துவிட்டு வேலையைப் பார்த்தேன். ஒரு திங்கட்கிழமை வந்து பார்த்தால் தேதி 2011 ஜனவரி 1. அன்றைக்கு எந்த இணையதளமும் திறக்கவில்லை. 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று சிவப்பாக ஒரு பக்கம் வந்து நின்றது. நெட்காரருக்குப் போன் போட்டேன், ரூட்டரை இரண்டு தடவை அணைத்துப் போட்டேன், வைரஸ் ஸ்கேன் ஓடவிட்டேன். அரை நாள் போயிற்று. விஷயம் இதுதான்: ஒவ்வொரு தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழுக்கும் தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் உண்டு. கம்ப்யூட்டர் தன்னை 2011இல் இருப்பதாக நினைத்துக்கொண்டால், 2016இல் கொடுத்த சான்றிதழ் அதற்கு இன்னும் பிறக்காத பிள்ளை. நம்ப மாட்டேன் என்கிறது.

மதர்போர்டில் வட்டமாக, நாணயம் மாதிரி உட்கார்ந்திருக்கும் சிஆர்2032 பேட்டரிதான் காரணம். கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போது கடிகாரத்தையும் போர்டின் அமைப்புகளையும் நினைவில் வைத்திருப்பது அதுதான். 3 வோல்ட் காட்ட வேண்டியது, மல்டிமீட்டரில் 2.3 காட்டியது. கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். மாற்றினேன். ஆன் செய்ததும் கறுப்புத் திரையில், எஃப்1 அழுத்தினால் செட்டப், எஃப்2 அழுத்தினால் பழைய இயல்பு அமைப்போடு தொடரலாம் என்று வந்தது. எஃப்2 அழுத்தினேன். விண்டோஸ் லோகோ வந்தது, ஒரு நொடி நீலத்திரை, ரீஸ்டார்ட். மறுபடி லோகோ, நீலத்திரை, ரீஸ்டார்ட்.

வந்து பார்த்த தம்பி சொன்னதுதான் மேலே சொன்ன முதல் தீர்ப்பு. எனக்கு மனசு ஒப்பவில்லை. நேற்றுவரை ஓடியது, நான் மாற்றியது ஒரு பேட்டரி. நீலத்திரையைச் செல்போனில் வீடியோ எடுத்து நிறுத்திப் பார்த்தேன். எண்ணின் கடைசியில் 7பி. பூட் ஆக வேண்டிய டிஸ்கை விண்டோஸால் அணுக முடியவில்லை என்பதற்கான எண் அது. விண்டோஸுக்கு முன்பே எழும் போர்டின் சொந்த மென்பொருளான பயாஸில் டிஸ்க் தெரிகிறது, ஆனால் விண்டோஸுக்குத் தெரியவில்லை. எஃப்2 அழுத்தியதில் சாட்டா அமைப்பு, அதாவது டிஸ்க் போர்டோடு பேசும் முறை, ஏஎச்சிஐ என்ற புது முறையிலிருந்து ஐடிஇ என்ற பழைய முறைக்கு மாறியிருந்தது. விண்டோஸை ஏஎச்சிஐ-யில் நிறுவியிருந்ததால், ஐடிஇ-க்கான டிரைவரை அது தொடக்கத்திலேயே எழுப்புவதில்லை. பயாஸுக்குள் போய் ஒரே ஒரு வரியைத் திருப்பி மாற்றினேன், சமர்த்தாக எழுந்துவிட்டது. அன்றைக்கே பயாஸின் எல்லாப் பக்கங்களையும் போட்டோ எடுத்து, முக்கியமான நான்கு வரிகளை ஒரு தாளில் எழுதி சிபியு மூடியின் உள்பக்கம் ஒட்டினேன். அடுத்த பேட்டரி மாற்றம் 2023இல், அஞ்சு நிமிட வேலை.

இரண்டாவது கதை எஸ்எம்பிஎஸ், அதாவது வீட்டுக் கரண்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்ற குறைந்த வோல்ட்டாக மாற்றித் தரும் பெட்டி. இதில்தான் அதிகம் ஏமாந்தேன்.

2019 மார்ச்சிலிருந்து திடீர் திடீரென்று ரீஸ்டார்ட். கரண்ட் போய் யுபிஎஸ்ஸுக்கு மாறும் கணத்தில் அடிக்கடி நடந்தது. யுபிஎஸ் பேட்டரிதான் என்று முடிவுகட்டி மாற்றினேன், நிற்கவில்லை. பிறகு கரண்ட் இருக்கும்போதே, பெரிய படங்களைத் திறக்கும்போதும் அணைந்து எழுந்தது. விண்டோஸ் தனக்கு நடந்ததையெல்லாம் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் வரிசையாக 'கெர்னல் பவர் 41'. அதைத் தேடிப் படித்து மூன்று நாள் ஆராய்ச்சி செய்தேன். கம்ப்யூட்டர் முறையாக ஷட்டவுன் ஆகாமல் நின்றுபோயிற்று என்று மறுபடி எழுந்த பிறகு எழுதிவைக்கும் குறிப்புதான் அது. ஏன் நின்றது என்று அதற்கும் தெரியாது. நானோ அதில் 'பவர்' என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, பவர் செட்டிங்கையெல்லாம் மாற்றி, கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஃபார்மட் போட்டு விண்டோஸை மறுபடி நிறுவினேன். திங்கட்கிழமை காலை பத்தரைக்கு அணைந்தது. அதே ஞாயிற்றுக்கிழமை ரேமையும் இடம் மாற்றிப் போட்டிருந்தேன், டிரைவரையும் மாற்றியிருந்தேன். ஒருவேளை சரியாகியிருந்தாலும் எதனால் சரியானது என்று தெரிந்திருக்காது.

இரண்டாமவர் வந்து எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றி, பெரிய கனெக்டரின் பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் பேப்பர் கிளிப்பால் இணைத்தார். ஃபேன் சுற்றியது. "எஸ்எம்பிஎஸ் நல்லாருக்கு. அப்ப போர்டுதான்." இந்தச் சோதனையை நம்பாதீர்கள். சுமையே இல்லாதபோது ஃபேனைச் சுற்ற வைப்பது பெரிய விஷயமில்லை. மாட்டி, ஓடவிட்டு, நாலு பின் கனெக்டரில் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் இடையே அளக்க வேண்டும். 12 வோல்ட்டில் ஐந்து சதவீதம் முன்பின் இருக்கலாம், அதாவது 11.4இலிருந்து 12.6 வரை. எனக்குச் சும்மா இருக்கையில் 11.5, நாலு வேலை கொடுத்தால் 11.1.

யுபிஎஸ் மாறும்போது ஏன் அணைந்தது என்பதும் அப்போதுதான் புரிந்தது. சாதாரண யுபிஎஸ் பேட்டரிக்கு மாறச் சில மில்லிசெகண்ட் எடுக்கும். அந்த இடைவெளியை எஸ்எம்பிஎஸ் தன் கெப்பாசிட்டரில் சேர்த்துவைத்ததைக் கொண்டு ஓட்டிவிடும். முழுச் சுமையிலும் 16 மில்லிசெகண்டாவது தாங்க வேண்டும் என்பது கணக்கு. கெப்பாசிட்டர் உள்ளுக்குள் காய்ந்துவிட்டால் அந்தத் தாங்கும் சக்தி போய்விடுகிறது. யுபிஎஸ் மேல் பழி விழுகிறது. புது எஸ்எம்பிஎஸ் போட்ட பிறகு பழையதை ரிப்பேர் கடையில் திறந்து காட்டினார்கள். மூன்று கெப்பாசிட்டரின் தலை பூரி மாதிரி உப்பியிருந்தது. மூலையில் காய்ந்த பல்லி ஒன்று. நீங்களாகத் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

ரேம் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆன் செய்தால் டிஸ்ப்ளே வராமல் விட்டுவிட்டுப் பீப் அடித்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு ரேமைக் கழற்றி, தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் துடைத்து, இரண்டு பக்கமும் 'டிக்' என்று கேட்கும்வரை அழுத்தி மாட்டுங்கள். மழைக்காலம் முடிந்ததும் எனக்கு வருடம் ஒரு தடவை இந்தப் பூஜை உண்டு. சூடும் அப்படித்தான். தூசி ஊதி, பிராசஸரின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்ததைத் துடைத்துப் புதிதாக வைத்ததில், சும்மா இருக்கும்போதே 70 டிகிரி காட்டியது 42க்கு இறங்கியது. ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். பக்கத்தில் ஜெராக்ஸ் மெஷின் இருந்தால் டோனர் தூளும் சேரும், அதைச் சாதாரணத் தூசி என்று நினைத்து ஊதினால் சட்டை போச்சு.

ஹார்டுடிஸ்க் இரண்டு விதமாகப் படுத்தியது. 2016இல் ஃபைல் காப்பி செய்யும்போது நின்று நின்று போனது. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே எழுதிவைக்கும் 'ஸ்மார்ட்' பட்டியலைப் பார்த்தால் சி7 என்ற வரியில் மட்டும் எண் ஏறிக்கொண்டே இருந்தது. டிஸ்குக்கும் போர்டுக்கும் நடுவில் தகவல் சிதைகிறது என்று அர்த்தம். சாட்டா கேபிளை மாற்றினேன். பழைய எண் இறங்காது, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஏறுவது நின்றதா என்பதுதான் கணக்கு, நின்றது. 2020இல் ஏறியது வேறு வரி: 05உம் சி5உம். அது தட்டிலேயே சேதம், கேபிள் மாற்றினால் தீராது. ஸ்கேன்டிஸ்க் போட்டு அடிக்காமல் முதலில் ஃபைல்களை எடுத்துக்கொண்டதால் பிழைத்தேன். சுழலும் தட்டு இல்லாத 240 ஜிபி எஸ்எஸ்டி போட்டேன். எச்61 போர்டில் சாட்டா வேகம் பாதிதான் என்று சிலர் தடுத்தார்கள். உண்மைதான், ஆனால் இரண்டரை நிமிடம் எடுத்த பூட் அரை நிமிடத்துக்குள் வந்துவிட்டது. பாதி வேகத்தைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை.

மென்பொருள்தான் ரப்பரால் தேய்த்து ஒப்பேற்ற முடியாத இடம். விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14ஆம் தேதியோடு முடிந்தது. குரோம் அதில் 109ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. விண்டோஸ் 10உம் 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. 11க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறைப் பிராசஸரும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் கேட்கிறார்கள், என்னுடையது இரண்டாம் தலைமுறை. குறுக்கு வழிகள் உண்டு, கடைக் கம்ப்யூட்டரில் அதைச் செய்ய எனக்குத் துணிச்சல் இல்லை.

இன்னொரு பக்கம், 2012இலிருந்து சேர்த்துவைத்த பத்திரிகை டிசைன்கள் எல்லாம் பேஜ்மேக்கர் 7 என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில், பழைய தமிழ் ஃபான்ட்டில் கிடக்கின்றன. அதனால் எஸ்எஸ்டியில் இரண்டு வீடு. இணையம், மின்னஞ்சல், புது டைப்பிங் எல்லாம் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தில், தமிழ்99 விசைப்பலகையோடு. விண்டோஸ் 7 பக்கத்தில் நெட்வொர்க் கார்டை முடக்கிவிட்டேன், அது பேஜ்மேக்கருக்கு மட்டும். செகண்ட் ஹாண்டில் இரண்டு 4 ஜிபி வாங்கிப் போட்டதில் 8 ஜிபி ரேம், மின்டுக்குத் தாராளம். ஸ்கேனர் மட்டும் மின்டில் ஒத்துவரவில்லை. ஸ்கேன் என்று யாராவது வந்தால் ரீஸ்டார்ட் செய்து விண்டோஸுக்குப் போகிறேன். கஸ்டமர் அதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடுவார்.

தீராத பிரச்சினை ஒன்று பாக்கி. முன்பக்க யுஎஸ்பி இரண்டும் 2021இலிருந்து செத்துக் கிடக்கின்றன. ஒயரை மாற்றிப் பார்த்தேன், போர்டில் பின்னை மாற்றிப் பார்த்தேன், அசையவில்லை. பின்பக்கத்திலிருந்து எக்ஸ்டென்ஷன் கேபிள் ஒன்றை மேஜைக்கு இழுத்துவிட்டு, முன்பக்கத் துளைகளில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருக்கிறேன். காலேஜ் பிள்ளைகள் அதைக் கிழித்துக்கொண்டு பென்டிரைவைச் சொருகுகிறார்கள். மாதம் ஒரு தடவை புது டேப்.