மேனுவலா, ஆட்டோமேஷனா: ரிலீஸை உண்மையில் இழுத்தடிப்பது எது?

ரிலீஸ் தேதி நெருங்கினால் எல்லா டீமிலும் ஒரே கேள்விதான்: "டெஸ்டிங் இன்னும் முடியலையா?" அடுத்த மீட்டிங்கில் யாராவது ஒருவர், "பேசாம எல்லாத்தையும் ஆட்டோமேட் பண்ணிடலாம்" என்பார். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் தானாக ஓடிச் சோதிக்கும் ஸ்கிரிப்ட் நூற்றுக்கணக்கில் குவிந்திருக்கும். ரிலீஸ் மட்டும் பழைய நடையிலேயே நடந்துகொண்டிருக்கும். கையால் சோதிப்பது (மேனுவல்), ஸ்கிரிப்டை வைத்துச் சோதிப்பது (ஆட்டோமேஷன்) என்ற இரண்டு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் முன்பே ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிடுவதால் வரும் வினை இது.

முதலில் நேரக் கணக்கு. ரிக்ரஷனுக்கு, அதாவது பழையது எதுவும் உடையவில்லையே என்று மறுபடி சோதிப்பதற்கு, 300 டெஸ்ட் கேஸ், ஒன்றுக்கு 6 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். கையால் ஒரு சுற்று முடிக்க 30 மணி நேரம், அதாவது ஒருவருக்கு நான்கு நாள் வேலை. அதையே ஸ்கிரிப்டாக எழுத, ஒன்றுக்கு 3 மணி நேரம் என்றால் மொத்தம் 900 மணி நேரம். திரைகள் மாறும்போது ஸ்கிரிப்டைச் சரிசெய்ய ரிலீஸுக்கு 10 மணி நேரம் போகிறது என்றால், ஒவ்வொரு ரிலீஸிலும் மிச்சமாவது 20 மணி நேரம். போட்ட உழைப்பு திரும்பிவர 45 ரிலீஸ் ஆக வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு ரிலீஸ் விடும் டீமுக்கு இது ஒன்றே முக்கால் வருடம். தினமும் விடும் டீமுக்கு இரண்டு மாதம். (தினமும் ரிலீஸ் விடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கே வேண்டாம். நான்கு நாள் ரிக்ரஷனை ஒரு நாளுக்குள் எப்படித் திணிப்பது?)

ஆனால் மணி நேரத்தை மட்டும் எண்ணினால் பாதி விஷயம் தப்பிவிடும். எழுதிய கோடைச் சேர்த்த (கமிட்) பத்தாவது நிமிடத்தில் பக் தெரிந்தால், எந்த வரியைத் தொட்டோம் என்பது டெவலப்பரின் நினைவில் பசுமையாக இருக்கும். நான்கு நாள் கழித்துத் தெரிந்தால் அவர் வேறு வேலையில் மூழ்கியிருப்பார். பழையதைத் தோண்டியெடுக்கவே அரை நாள் போய்விடும். ஆட்டோமேஷனின் உண்மையான லாபம் இந்தக் காத்திருப்பைக் குறைப்பதில்தான் இருக்கிறது.

அப்படியென்றால் மேனுவல் எதற்கு? நான் இருந்த ஒரு டீமில், பில் தொகை வரும் இடத்தில் எழுத்தின் நிறமும் பின்னணி நிறமும் ஒன்றாகிப்போயின. ஸ்கிரிப்ட் அந்த வெப் பக்கத்திலிருந்து தொகையைப் படித்தது, எதிர்பார்த்த எண்ணோடு ஒப்பிட்டது, பச்சை காட்டியது. ஒரு டெஸ்டர் திரையைத் திறந்து, "தொகை எங்கப்பா?" என்று கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. ஸ்கிரிப்டுக்குக் கேட்கச் சொன்ன கேள்வி மட்டும்தான் தெரியும். மனிதருக்குக் கேட்காத கேள்வியும் தோன்றும். டெஸ்டிங் நிபுணர் மைக்கேல் போல்ட்டன் 2009-இல் 'டெஸ்டிங்', 'செக்கிங்' என்று இரண்டாகப் பிரித்துப் பேசியது இதைத்தான்: தெரிந்த விடையைச் சரிபார்ப்பது வேறு, தெரியாததைத் தேடிப் போவது வேறு.

இதற்கு வெளியுலகிலும் பெரிய சாட்சி உண்டு. 2024 ஜூலை 19 அன்று கணினிப் பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்டிரைக் வெளியிட்ட ஓர் அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. 21 உள்ளீடுகளை எதிர்பார்த்த இடத்துக்கு 20 மட்டுமே போய்ச் சேர்ந்தன. சோதனைகள் நடக்காமல் இல்லை. ஆனால் அவற்றில் அந்த 21-ஆவது இடத்தில் 'எதுவானாலும் சரி' என்ற பொருள்படும் வைல்ட்கார்டுதான் இருந்தது. அதனால் கோளாறு தலைகாட்டவே இல்லை. அப்டேட்டைச் சரிபார்க்கும் வேலிடேட்டரிலும் பிழை இருந்தது. எல்லாப் பயனர்களுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பாமல் படிப்படியாக அனுப்பியிருந்தால் சேதம் குறைந்திருக்கும். பச்சை விளக்கு எதைப் பார்த்து எரிகிறது என்று யாராவது அவ்வப்போது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

மேனுவல் பக்கமும் புனிதமானது அல்ல. ஒரே 300 கேஸை இருபதாவது முறை ஓட்டுகிறவர் 250-ஆவதில் என்ன பார்ப்பார்? கை கிளிக் செய்யும், கண் கடந்துபோகும், ஷீட்டில் 'பாஸ்' விழும். அலுப்பும் ஒரு பக் தான். அது எந்த ரிப்போர்ட்டிலும் வராது.

ஆட்டோமேஷனின் நோய் வேறு வகை: ஃப்ளேக்கி டெஸ்ட். கோடில் எதுவும் மாறாமலே ஒருமுறை பாஸ், ஒருமுறை ஃபெயில். 500 டெஸ்ட், ஒவ்வொன்றும் ஆயிரத்தில் ஒருமுறைதான் காரணமின்றி விழுகிறது என்று வைத்துக்கொண்டாலும், மொத்தமாக ஓட்டும்போது பத்தில் நான்கு தடவை பில்ட் சிவப்பாகும், அதாவது மொத்த ஓட்டமும் ஃபெயில் காட்டும். தங்கள் டெஸ்ட்களில் ஏறக்குறைய 16 சதவீதத்தில் ஓரளவு இந்தக் குறை இருப்பதாக 2016-இல் கூகுளே எழுதியது. இப்படி நாலு முறை ஏமாந்த டீம், சிவப்பைப் பார்த்தால் யோசிக்காமல் 'ரீரன்' அமுக்கப் பழகிவிடும். புலி வருது கதைதான். உண்மையான பக் வரும் நாளிலும் அதே ரீரன்தான்.

இதில் பெரும்பங்கு திரை வழியாக ஓடும் டெஸ்ட்களுடையது. 2004-இல் பிரவுசரைத் தானாக இயக்கும் செலினியம் என்ற கருவி பிறந்ததிலிருந்து பலரும் ஆட்டோமேஷன் என்றாலே பிரவுசரை ஓட்டுவது என்று எடுத்துக்கொண்டார்கள். பிளேரைட் போன்ற புதிய கருவிகள் பக்கம் முழுதாகத் திறக்கும் முன்பே ஸ்கிரிப்ட் ஓடிவிடும் சிக்கலை நிறையத் தணித்திருக்கின்றன. ஆனாலும் வரிக் கணக்கீடு சரியா என்று பார்க்க லாகின் திரையைத் தாண்டி வர வேண்டிய அவசியம் என்ன? அதை யூனிட் டெஸ்டிலோ (கோடின் ஒரு சிறு துண்டை மட்டும் சோதிப்பது) ஏபிஐ அளவிலோ (திரை இல்லாமல் புரோகிராமிடம் நேராகக் கேட்பது) வைத்தால் நொடியில் முடியும். திரை வழியாக ஓடுவதற்கு, பணம் கட்டுவது, பதிவு செய்வது போன்ற உயிர்நாடிப் பாதைகள் பத்து பதினைந்து போதும்.

என்னைக் கேட்டால், 'எத்தனை சதவீதம் ஆட்டோமேட் செய்தோம்' என்பது தவறான கேள்வி. ஒரு அம்சம் எவ்வளவு காலமாக மாறாமல் நிற்கிறது என்று பார்ப்பேன். இந்த ஸ்பிரிண்டில் (டீமின் சில வார வேலைச் சுற்று) பிறந்த திரை அடுத்த ஸ்பிரிண்டிலேயே முகம் மாறக்கூடும். அதற்கு இப்போதே ஸ்கிரிப்ட் எழுதுவது ஈரச் சுவரில் ஆணி அடிப்பது. அதை ஒரு நல்ல டெஸ்டரிடம் இரண்டு மணி நேரம் கொடுத்து, இஷ்டப்படி நோண்டச் சொல்ல வேண்டும். இரண்டு மூன்று ரிலீஸ் தாங்கி நின்ற பிறகு, அவர் கண்டுபிடித்தவற்றை ஸ்கிரிப்டாக்கலாம். விதிவிலக்கு உண்டு: பணம், அனுமதி, தரவு அழிப்பு தொடர்பான தர்க்கத்துக்கு முதல் நாளிலேயே தானியங்கிச் சோதனை வேண்டும்.

எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், பயனர்களிடம் போய்ச் சேர்ந்த கடைசி இருபது பக்குகளை எடுத்து வையுங்கள். ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்தது உடைந்ததா, யாரும் நினைத்தே பார்க்காததா என்று ஒவ்வொன்றின் எதிரேயும் எழுதுங்கள். முதல் வகை அதிகமானால் ஸ்கிரிப்ட் எழுத ஆள் போடுங்கள். இரண்டாவது அதிகமானால், டெஸ்டர் கையிலிருக்கும் அந்த 300 வரி ஷீட்டை வாங்கி வைத்துவிட்டு அவரைச் சுதந்திரமாக விடுங்கள்.