பாடகர் வாழ்க்கையும் பாட்டுக் கணக்கும்: தமிழ் விக்கிப்பீடியா குறித்து ஒரு மதிப்புரை

2003-இல் தொடங்கி இன்று ஒன்றரை லட்சம் கட்டுரைகளைத் தாண்டிவிட்ட தமிழ் விக்கிப்பீடியாவைத் திரைப்பாடகர்களின் வாழ்க்கைக் குறிப்புக்காக நாடுகிறவர்களில் நானும் ஒருவன். ஒரு விருதின் ஆண்டையோ ஒரு பாடகர் பிறந்த ஊரையோ அறிய, இதைவிட விரைவாகக் கைகொடுக்கும் இடம் தமிழில் எனக்குக் கிடைத்ததில்லை. ஆயினும் தகவலின் அளவைவிட, ஒரு பாடகரின் கட்டுரையில் எது இடம்பெறலாம், எது கூடாது என்பதற்கு அத்தளம் வகுத்திருக்கும் முறையே அதன் பலம் என்று கருதுகிறேன். அந்த முறை மிகுந்த சோதனைக்கு உள்ளாவது, ‘இவர் இத்தனை ஆயிரம் பாடல்கள் பாடியுள்ளார்’ என்னும் ஒற்றை வரியில்தான்.

எஸ். பி. பாலசுப்பிரமணியம் 40,000 பாடல்கள் பாடினார் என்பது மேடை அறிவிப்பு முதல் இரங்கல் செய்தி வரை ஊரெங்கும் ஊன்றிவிட்ட செய்தி. 1966-இன் இறுதியில் திரைக்குப் பாட வந்து, 2020 செப்டம்பரில் மறைந்தவர் அவர். அந்த ஆண்டுகளுக்கு அத்தொகையை வகுத்தால், ஒரு நாளும் ஓய்வின்றி, நாளொன்றுக்கு இரண்டு பாடல்களுக்குச் சற்று மேல் வருகிறது. ஒரே நாளில் பல பாடல்களைப் பாடி முடித்த நாட்கள் அவருக்கு உண்டு என்பதால், இது நடக்கவே இயலாதது என்று சொல்ல மாட்டேன். பட்டியலிட்டு எண்ணியவர் யார் என்பதே என் கேள்வி. ஆனால் நான் இங்கே போட்ட கணக்கைக் கட்டுரைக்குள் எழுதி அந்த எண்ணை மறுக்கவும் விக்கிப்பீடியாவின் விதி இடம் தராது. அது ‘சொந்த ஆய்வு’ ஆகிவிடும். நம்பத்தகுந்த நூலோ இதழோ அதைச் சொல்லியிருக்க வேண்டும். ரசிகரின் மிகையையும் மறுப்பவரின் ஊகத்தையும் ஒரே படியால் அளப்பதால், இவ்விதி எனக்கு நியாயமாகவே படுகிறது.

அச்சில் வந்துவிட்டால் போதும் என்று வாதிடுவோர் லதா மங்கேஷ்கர் விவகாரத்தை நினைவில் கொள்ள வேண்டும். கின்னஸ் நூலின் 1974 பதிப்பு, அவர் 1948 முதல் 25,000 பாடல்களுக்குக் குறையாமல் பதிவு செய்திருப்பதாக அறிவித்தது. முகமது ரஃபி அதை மறுத்து, தாம் ஏறத்தாழ 28,000 பாடல்கள் பாடியிருப்பதாக உரிமை கோரினார். ரஃபி 1980-இல் மறைந்தார்; 1984 பதிப்பில் லதாவின் சாதனையோடு ரஃபியின் கோரிக்கையும் சேர்ந்து வந்தது; 1991-இல் அந்தப் பதிவே நூலிலிருந்து நீங்கியது. பின்னர் அதே நிறுவனம் 2011-இல் ஆஷா போஸ்லேவுக்கு 11,000 என்றும், 2016-இல் பி. சுசீலாவுக்கு 17,695 என்றும் சான்றளித்தது. பிந்திய எண்ணைப் பாருங்கள்: முழு ஆயிரத்தில் முடியவில்லை, தனிப்பாடல், இணைப்பாடல், குழுவினரோடு பாடியவை என்று வகையும், 1960-கள் தொடங்கி என்று கால எல்லையும் அதற்கு உண்டு. சுசீலா தமிழில் பாடத் தொடங்கியதோ 1953-இல் வந்த ‘பெற்ற தாய்’ படத்தில். அந்த முதல் சில ஆண்டுகளின் பாடல்கள் எல்லைக்கு வெளியே நிற்பதால், ‘சுசீலா மொத்தம் பாடியவை 17,695’ என்று எழுதினால் அதுவும் பிழையே. யார் எண்ணினார், எதுவரை எண்ணினார் என்பதையும் சேர்த்து எழுதும் கட்டுரையே கலைக்களஞ்சியக் கட்டுரை.

தனிவாழ்க்கைச் செய்திகளுக்கு வருவோம். எம். எஸ். சுப்புலட்சுமியின் பெயரிலுள்ள இரண்டு எழுத்துகளும் மதுரையையும் அவருடைய தாயார் சண்முகவடிவையும் குறிப்பவை. வீணைக் கலைஞரான அத்தாயைப் பற்றிய செய்தி இசையோடு பிணைந்தது, எனவே கட்டாயம் வேண்டும். எஸ். ஜானகி 2013-இல் பத்ம பூஷண் விருதை ஏற்க மறுத்ததும், அது மிகத் தாமதமாக வந்தது என்று அவர் சொன்ன காரணமும் வேண்டும். பாடலோடு தொடர்பில்லாத குடும்பச் சச்சரவும், பேரப்பிள்ளைகளின் பெயர்களும், சாதிப் பெருமைக்காகச் செருகும் வரிகளும் வேண்டியதில்லை. வாழ்கிறவர்களைப் பற்றிச் சான்றில்லாத சர்ச்சைச் செய்தியைக் காத்திராமல் உடனே நீக்கலாம் என்னும் விதி எத்தனை தேவையானது என்பதை, ஜானகி காலமானதாக 2020-இல் பரவிய பொய்ச் செய்தியை எண்ணிப் பார்ப்பவர் உணர்வர்.

குறையையும் சொல்ல வேண்டும். எல்லாம் தன்னார்வலர் உழைப்பு என்பதால், பாடகர் கட்டுரைகள் அனைத்தையும் வரிவரியாகச் சரிபார்க்கக் கைகள் போதா. ‘சான்று தேவை’ என்னும் குறிப்பு விழாத வரி எல்லாம் சரிபார்த்த வரி என்று பொருளாகாது. செய்தியாளர் ஒருவர் இத்தளத்திலிருந்தே எண்ணை எடுத்து எழுத, பிறகு அந்தச் செய்தியே இங்கு மேற்கோளாகத் திரும்பி வரும் ஆபத்தும் இருக்கிறது. அதனால் பாடல் எண்ணிக்கையைப் பார்க்கும்போது, மேற்கோளின் நாளையும், ‘வரலாற்றைக் காட்டு’ பக்கத்தில் அந்த எண் முதலில் நுழைந்த நாளையும் ஒப்பிட்டுவிடுகிறேன். உரையாடல் பக்கத்தில் அதைப் பற்றிய வாதம் நடந்திருந்தால், கட்டுரைக்கு முன்பு அதையே படிக்கிறேன். காசு வாங்காத எந்தத் தளமும் தன் ஐயங்களை இவ்வளவு வெளிப்படையாக வாசகர் முன் வைத்து நான் பார்த்ததில்லை.